அறுபது வெள்ளிக்கு ஐந்து வால்வு

எங்கள் வீட்டு ரேடியோவில் முதலில் வாங்கியது பெட்டியைத்தான். உள்ளே வைக்க ஒரு திருகாணிகூட இல்லாமல், காலிப் பெட்டி மட்டும் இரண்டு வாரம் ஹாலில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார்கள். பாடுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அதில் பரம திருப்தி.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். அண்ணன் பொதுப்பணி இலாகாவில் குமாஸ்தா. நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

ரேடியோ எங்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்கவோ செய்தி கேட்கவோ இல்லை. அண்ணனின் பெயரைக் கேட்க.

அண்ணன் மலாக்கா அணியின் கோல்கீப்பர். அப்படித்தான் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவன் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வராதா என்று பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை. அந்த மனிதரோ வருஷக்கணக்கில் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கடைசியில் சைக்கிளில் போகும்போது ஒரு ஆட்டை இடித்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சுதந்திரக் கொண்டாட்டங்களை ஒட்டிக் கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு அண்ணனை எடுத்தார்கள். அந்த ஆட்டத்தை ரேடியோவில் நேரடியாக வர்ணனை செய்யப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அம்மாவுக்குக் காற்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பந்து வாங்கிக் கொடுத்தால் சண்டை தீரும் என்று நினைக்கிறவள். அவளுக்கு வேண்டியது பெயர் மட்டும்தான். அண்ணன் பிறந்தபோது அப்பா ஒரு பெயர் சொன்னார், அப்பா வீட்டார் ஒரு பெயர் சொன்னார்கள். அம்மா முரட்டுப் பிடிவாதம் பிடித்து, மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்து, தான் நினைத்த பெயரை வைத்தாள். வைத்த பிறகு அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் அவன் பெரியவன். தெருவில் நெட்டை. ஆபீசில் ஏதோ ஒரு இங்கிலீஷ் சுருக்கம். அம்மாவே அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். இருந்தாலும் அவள் பாடுபட்டு வைத்த பெயர், முழுசாக, ஒரு பெரிய மனிதர் வாயால் நாடு முழுக்கச் சொல்லப்படப் போகிறது. அதைத் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஒரே நிலையில் நின்றாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் சொத்து.

"பக்கத்து வீட்டுலதான் ரேடியோ இருக்கே. போய்க் கேட்டா ஆகாதா?" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் இருந்தவள் மலாக்கா செட்டிப் பெண்மணி. கோயில், கும்பிடு எல்லாம் நம்மைப் போலத்தான். பேச்சு மட்டும் மலாய். அவளுடைய கோழிகள் அம்மா காயப்போட்ட வடகத்தைத் தின்றதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் கோழியிடம் சொல்வார்கள். அம்மா தமிழில் கோழியைத் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி மலாயில் அதே கோழிக்கு ஆறுதல் சொல்வாள். கோழிக்கு இரண்டு மொழியும் புரிந்திருக்க வேண்டும், அதுபாட்டுக்கு மேய்ந்தது.

"எம் பிள்ளை பேரை நான் இன்னொருத்தி வீட்டு வாசல்ல நின்னு கேக்கணுமா? நம்ம வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்குங்க" என்றாள் அம்மா. பெண்கள் சேர்ந்து மாதாமாதம் போடும் கூட்டுப் பணத்தில் அந்த மாதம் அவள் முறை. அறுபது வெள்ளியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

அறுபது வெள்ளிக்குப் புது ரேடியோவின் வாசனைகூடக் கிடைக்காது. அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "வாங்கினாத்தானே விலை? சாமான் வாங்கி நாமே சேர்த்துட்டா?" என்றார். மாமா யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு ரேடியோப் பெட்டி தூக்கியவர். தூக்கியது மட்டும்தான். ஆனால் தோளில் வைத்திருந்த நேரத்தில் அதன் நுட்பமெல்லாம் தோள் வழியாகத் தமக்குள் இறங்கிவிட்டதாக அவர் மனதார நம்பினார். அப்பாவும் நம்பினார். வேறு வழியில்லை என்பதால் நானும் நம்பினேன்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். கல்யாணம் என்றால் முதலில் கூறைப்புடவை எடுப்பதுதானே நம் வழக்கம்? அந்தக் கணக்கில் அப்பா முதலில் பெட்டியை எடுத்தார். "ரேடியோங்கறது மொதல்ல பாக்கறதுக்கு. கேக்கறதெல்லாம் அப்புறம்" என்பது அவர் வாதம். தெங்கேராவில் ஒரு சீனத் தச்சரிடம் போய், கையை விரித்துக் காட்டி அளவு சொன்னார். அப்பாவுக்கு நீளமான கை. வந்து இறங்கிய பெட்டி தேக்குப் பலகையில், இரண்டு கதவு வைத்து, பித்தளைக் குமிழ் போட்டு, ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கிற அளவுக்கு இருந்தது. பாதிப் பணம் அதிலேயே போய்விட்டது. அம்மா மட்டும் குறை சொல்லவில்லை. அவள் பிள்ளையின் பெயர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரப்போகிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மீதிப் பணத்தோடு டவுனுக்குப் போனோம். நானும் கூடப் போனேன், இங்கிலீஷ் எழுத்தை வாசிக்க ஆள் வேண்டுமே. பழைய மின்சாமான் விற்கிற தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடை. எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் விட்ட சாமான்கள்.

நானா பொறுமையாகச் சொன்னார். "ஒரு டிரான்ஸ்பார்மர் வேணும், கரண்டை அளந்து குடுக்க. நாலு வால்வு வேணும், காத்துல வர்ற சத்தத்தைப் பிடிச்சுப் பெருசாக்க. நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு வேணும், அது பேச. அப்புறம் கொஞ்சம் சில்லறைச் சாமான். இருக்கிற காசுக்கு எல்லாம் சரியா வரும். சேர்க்குற வேலையை நானே பண்ணித் தர்றேன்."

அத்தோடு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அப்பா ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்றைய டிக்கெட்டை இன்று காட்டுகிறவனைப் பார்க்கிற அதே பார்வை. கண்ணாடிக் குப்பிக்குள் இருந்த கம்பிகள் அவர் பார்வையைத் தாங்கிக்கொண்டன. பிறகு, "நாலா?" என்றார்.

"நாலு போதும் அண்ணே."

"நாலுன்னு எப்படி வாங்கறது? நல்ல காரியத்துக்கு ஒண்ணு கூட வெச்சுத்தானே குடுப்போம்? மொய் எழுதினாக்கூட நூறோட நிறுத்துவாங்களா? நூத்தியொண்ணுதான். அஞ்சாக் குடுங்க."

நானா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதுக்கு இந்தச் செட்டில் வேலையே இல்லை என்றார். மாமா இடையில் புகுந்து, பட்டாளத்துச் செட்டில் எத்தனையோ வால்வு இருந்ததாகவும், அதனால்தான் யுத்தத்தில் ஜெயித்தார்கள் என்றும் சொன்னார். போதாததற்கு, பக்கத்து வீட்டு ரேடியோ எத்தனை வால்வு என்று அப்பா எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். நாலு.

"வேலை இல்லாட்டிப் பரவால்ல. சும்மா எரியுமா?" என்று கேட்டார் அப்பா.

"எரியும். சும்மா எரியும், அவ்வளவுதான்."

"அது போதும்."

வேலை ஒன்றும் செய்யாமல், வயிறு நிறைய மின்சாரம் குடித்துக்கொண்டு, செக்கச் செவேலென்று ஜொலிப்பதற்காக ஒரு வால்வு. ஏற்கெனவே வீட்டில் மாமா இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமாவுக்குக் கோபம் வந்திருக்கும். ஐந்தாவது வால்வின் விலைக்கு எதையாவது விட வேண்டியிருந்தது. ஸ்பீக்கரை விட்டோம். நானா மூலையில் எறிந்து வைத்திருந்த, காகிதம் கிழிந்த ஒரு கிழட்டு ஸ்பீக்கரை இனாமாகக் கொடுத்தார். பட்டம் விடுகிற காகிதத்தை வாங்கி, சோற்றுப் பசை தடவி நான்தான் அதற்கு ஒட்டுப் போட்டேன். பேசுகிற உறுப்பில் கஞ்சத்தனம், ஜொலிக்கிற உறுப்பில் தாராளம். எனக்கு எரிச்சலாக வந்தது. ரேடியோவுக்கு வாய் வேண்டும் என்று கத்தினேன். "பொம்பளைப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் தெரியாது" என்றார் மாமா.

எல்லாவற்றையும் ஒரு தகரத் தட்டில் பூட்டி நானா அனுப்பி வைத்தார். அப்பாவின் பெட்டிக்குள் வைத்தபோது அது ஒரு மூலையில் ஒடுங்கிப் போயிற்று. மீதி இடம் காலி. முதல் நாளே எங்கள் பூனை அதற்குள் குடியேறியது. வால்வுகளின் சூடு அதற்கு இதமாக இருந்திருக்கிறது. முக்கியமாக ஐந்தாவது வால்வின் சூடு. ஆக, அந்த வால்வுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, சூடம் காட்டிய பிறகு மாமா குமிழைத் திருப்பினார். ஐந்து வால்வும் எரிந்தன. அப்பா கும்பிட்டார். "ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் "ஸ்" என்பதையே எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் திரும்பவும் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். "ஏரியல் எங்கே கட்டினீங்க?" என்று கேட்டார் நானா. ஏரியல் என்று ஒன்று இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. உயரத்தில் நீளமாக ஒரு கம்பி கட்டினால்தான் சத்தம் வந்து சேருமாம். கம்பிக்கு என் கைக்காசு போதுமானதாக இருந்தது. கம்பத்துக்கு யாரிடமும் காசில்லை. எங்கள் பக்கத்தில் உயரமாக இருந்தது ஒரே ஒரு தென்னை மரம். அது பக்கத்து வீட்டில் இருந்தது.

ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தது. அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு தட்டில் புது வடகத்தை நிரப்பிக்கொண்டு வேலிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அந்தம்மா கெபாயாச் சட்டையும் சாரோங்குமாகக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கோழியைப் பார்த்து, "எம் பிள்ளை பேரு ரேடியோவுல வரப் போவுது. மரத்துல ஒரு கம்பி கட்டிக்கிறோம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள். நான் அதை மலாயில் சொன்னேன். அந்தம்மா கோழியைப் பார்க்கவில்லை, அம்மாவையே நேராகப் பார்த்தாள். "போலே, போலே, அக்கா" என்றாள். தாராளமாகக் கட்டிக்கொள் என்று அர்த்தம். வடகத்தையும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் கம்பியைக் கட்டியதும், ஒட்டுப் போட்ட ஸ்பீக்கர் சளி பிடித்த குரலில் பேச ஆரம்பித்தது. அவளும் ஆட்டம் கேட்க எங்கள் வீட்டுக்கே வருவது என்று ஏற்பாடாயிற்று. அவள் வீட்டில் நன்றாகப் பேசுகிற ஒரு ரேடியோ இருக்க, சளி பிடித்த எங்கள் ரேடியோவைக் கேட்க அவள் வந்தது பெருந்தன்மைதான்.

ஆட்டத்தன்று ஹாலில் நிற்க இடமில்லை. தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அப்பா பெட்டியின் கதவு இரண்டையும் திறந்து வைத்து, எல்லாரிடமும் "அஞ்சு வால்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டிக்கு எதிரில், கல்யாணப் புடவையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வர்ணனை மலாயில் வந்தது. சோற்றுப் பசையின் குணத்தால் வர்ணனையாளருக்கு ஜலதோஷம். ஆனால் புரிந்தது. எங்கள் அணி பிரமாதமாக ஆடியது. பந்து முழுக்க முழுக்க எதிரணிப் பக்கத்திலேயே கிடந்தது. மலாக்கா ஒரு கோல் போட்டது. மாமா துள்ளியதில் பூனை பெட்டியை விட்டு ஓடிற்று. எல்லாரும் கைதட்டினோம். அம்மா மட்டும் அசையவில்லை.

"எங்கடி அவன் பேரு? சொல்லவே இல்லையே" என்றாள் என்னிடம்.

"பந்து அவன்கிட்ட வரலம்மா. வராம இருக்கிறதுதான் நல்லது."

"என்ன நல்லது? மத்தவன் பேரெல்லாம் சொல்றான். பின்னாடி தனியா நிக்கிறவன்னா கண்ணு தெரியாதா?"

இடைவேளை வரைக்கும் பெயர் வரவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவே சந்தோஷமாக இருந்தது, அவள் ஒருத்தி மட்டும் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஓய்ந்துவிட்டார்கள். எதிரணி திரும்பத் திரும்ப வந்து உதைத்தது. வர்ணனையாளர் உதைத்தவனின் பெயரைச் சொல்வார், "தா மாசுக்" என்பார், நுழையவில்லை என்று அர்த்தம், அடுத்ததுக்குப் போய்விடுவார். அப்படி எத்தனையோ போயிற்று. பிறகு ஒரு பெரிய கூச்சல். "மாசுக்!" என்றது ரேடியோ. உடனே, கணீரென்று, ஜலதோஷத்தையும் மீறி, அண்ணனின் முழுப் பெயர். அவன் தவற விட்டுவிட்டானாம்.

அம்மா துள்ளி எழுந்து கைதட்டினாள். "சொல்லிட்டான்! கேட்டீங்களா? முழுசாச் சொல்லிட்டான்!"

வேறு யாரும் தட்டவில்லை. பக்கத்து வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அப்பா அவர் தொடையைக் கிள்ளினார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் "மாசுக்". திரும்பவும் அண்ணனின் பெயர். திரும்பவும் அம்மாவின் கைதட்டல். இந்த முறை பக்கத்து வீட்டம்மாவும் சேர்ந்து தட்டினாள். அடுத்ததற்கு அப்பா. அதற்கடுத்ததற்கு வேறு வழியில்லாமல் தெருவே தட்டியது. எங்கள் ஊர் அணி தோற்கத் தோற்க நாங்கள் ஆரவாரம் செய்தோம். வெளியே போன ஒரு மலாய்க்காரர் சைக்கிளை நிறுத்தி, எந்த ஊர்க்காரர்கள் இவர்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்து கோல் விழுந்தது. ஐந்து முறை பெயர் வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணனை நினைத்ததும் அது நின்றுவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் பின்வாசல் வழியாக வந்தான். தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று கோயில் பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறான். அம்மா இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தித் தட்டோடு பின்வாசலிலேயே நின்றிருந்தாள். செந்நீரைப் பார்த்ததும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். அவன் முகம் சுருங்கியது.

"அம்மா, ஏம்மா நீயுமா? வழியெல்லாம் கேலி பண்ணினது பத்தாதா?"

"நேரா நில்லுடா. அஞ்சு தடவை சொன்னாங்க. நான் வெச்ச பேரை அஞ்சு தடவை."

"அதெல்லாம் கோல் விட்டப்போ சொன்னதும்மா. நான் விட்டுட்டேன்னு சொன்னாங்க. அது உனக்குத் தெரியாது."

அம்மா தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். மூன்று சுற்று முடித்துத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா தெரியாது? இத்தனை வருஷம் பசார்ல நான் எந்த பாஷையில மீன் வாங்கினேன்? மாசுக்னா தெரியும், தா மாசுக்னாலும் தெரியும். உள்ள போனதை நீ விட்டுட்டேன்னு பேரைச் சொல்லிச் சொன்னான். போகாததையெல்லாம் யாரு பிடிச்சா? அத்தனை தடவை தா மாசுக், தா மாசுக்னானே, அப்பல்லாம் உன் பேரைச் சொல்ல அவன் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தான்? அவன் சொல்லாததுக்கும் சேர்த்துத்தான் நான் தட்டினேன்."

அண்ணன் ஆறடி உயரம். குனிந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தட்டிலிருந்த செந்நீர் இரண்டு பேர் மேலும் வழிந்தது. அம்மா ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிள்ளை பிறந்தபோது தான் வைத்த பெயரை, முழுசாக, முதல் தடவையாகத் தன் வாயால் சொல்லி, சோறு போடுகிறேன் வா என்று கூப்பிட்டாள்.